நெஞ்சுப் படமும் கம்பெனி நோட்டும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவளுக்கு ஊரார் உடம்பெல்லாம் தெரியும். தெரிந்ததை விழுங்கிக்கொள்ளத்தான் சம்பளம். இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். விழுப்புரத்திலிருந்து ரயிலேறித் தினமும் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

யாருடைய நோயாளி?

எங்கள் எக்ஸ்ரே மெஷின் ஒரு மெட்ராஸ் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. அதைத் துடைத்துப் பார்க்க மாதம் ஒருமுறை கம்பெனி ஆள் வருவார். மெஷினுக்குக் கால் மணி நேரம். என் மேஜைக்கு இரண்டு மணி நேரம். காசநோய்ச் சீட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, பெயரும் விலாசமும் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். எதற்கு என்று கேட்டேன்.

"மெஷின் எங்களுது, அதுல படம் புடிச்ச ஆளுங்க மட்டும் உங்களுதாம்மா?"

வல்லத்துக்குப் போன கார்டு

பக்கத்துக் கிராமமான வல்லத்து விவசாயி ஒருவர் என் முன்னால் ஒரு தபால் கார்டைப் போட்டார். அவர் மகளுக்கு நாங்கள்தான் படம் எடுத்திருந்தோம். 'காசநோய் கண்ட தங்களுக்கு எங்கள் டானிக்' என்று அதே கம்பெனி அச்சடித்து அனுப்பியிருந்தது. படிக்கத் தெரியாத வீடு. தபால்காரர் வழக்கம்போல வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாளே அனந்தபுரத்து மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உடம்பு எரிந்தது. விவசாயி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"பொண்டாட்டிகிட்டயே சளின்னுதாம்மா சொல்லி வச்சிருந்தேன், டானிக் கம்பெனிக்கு யாரு சொன்னாங்க?"

டாக்டரின் தீர்ப்பு

கார்டோடு பெரிய டாக்டரிடம் ஓடினேன். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிட்டது, இனி அந்த ஆளைச் சீட்டுகளைத் தொட விடாதீர்கள் என்றேன்.

"நாளைக்கு அவன் மெஷினைத் தூக்கிக்கினு போனா, நெஞ்சுக்குள்ள நீயா எட்டிப் பார்ப்பே?"

என் வீட்டுச் சீட்டு

அடுத்த மாதம் என் மூன்று வயது ரோசிக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். படத்தில் நிழல் விழுந்திருந்தது. நாங்கள் இருப்பது நாலு குடித்தன வீடு. கார்டு வந்து விஷயம் தெரிந்தால் வீட்டுக்காரர் அன்றைக்கே சாமான்களைத் தெருவில் வைப்பார். காய்ச்சல் பிள்ளையோடு எங்கே போவேன்? கான்வென்டில் ஒரு பொய்க்கு ஒரு மணி நேரம் முட்டிபோட்டவள் நான். சீட்டில் வேறு பெயர், இல்லாத தெரு எழுதினேன். படத்திலும் அந்தப் பெயரையே போடச் சொல்லி எக்ஸ்ரே அறையில் கேட்டபோது, ரோசியைத் தெரிந்த அஞ்சலை ஆயா தரை துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"உன் பாப்பாவ மறைச்சிட்டே, சரி. வரிசையில நிக்குதுங்களே, அதுங்கள யாரும்மா மறைப்பா?"

வெறும் நம்பர்

அதற்கப்புறம் சீட்டில் நம்பர் மட்டும்தான் எழுதினேன். எந்த நம்பர் யார் என்பது தனி நோட்டில். நோட்டு என் பையில். கம்பெனி ஆள் வந்தார், சீட்டுப் பெட்டியையே கவிழ்த்துத் தேடினார். நேராக டாக்டரிடம் போனார். மூன்று நாளில் விளக்கம் எழுது என்று எனக்கு மெமோ வந்தது. அன்றைக்குக் கம்பெனி ஆள் போகும்போது என் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார்.

"சீட்டுதான் இருக்குது, நோயாளிங்கள எங்கம்மா வச்சிருக்கே?"

ஆக, நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் ஒத்துழைப்பு, காப்பாற்றினால் ஒழுங்கீனம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மெமோ தேவைப்பட்டிருக்கிறது.