தரிசுக்குப் பாய்ந்த கரண்டு

இசக்கிப்பாண்டியை ஊரில் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். எம். புதுப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கிராமத்திலிருந்து சிவகாசி அச்சாபீசுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஒரே ஆள் அவர்தான். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவார். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுவதிலிருந்து ஆதாரில் பெயர் திருத்துவது வரை ஊருக்கு அவர்தான் கதி. நாற்பத்தோரு வயதுக்குள் இவ்வளவு நல்ல பெயர் எடுத்த மனுஷனுக்கு என்ன கேடு வந்ததோ, வீட்டுக்குள்ளேயே காசு விளைய வைக்கலாம் என்ற ஆசை வந்துவிட்டது.

ஆசையை ஊட்டியது யூடியூப். பிட்காயின் மைனிங்குக்கென்றே செய்த மிஷின் ஒன்று உண்டு. வேறு எந்த வேலைக்கும் உதவாது. இராப்பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், அதற்குக் கூலியாகக் காசில் ஒரு துணுக்கு நம் பெயரில் வந்து விழும். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். லேபிளில் போடும் மயிலையும் புலியையும் இப்போது கம்ப்யூட்டரே வரைந்து தள்ளுகிறது, லேபிள் ஆர்டர் பாதியாகிவிட்டது, மிஷினாவது நமக்காக உழைக்கட்டும் என்று நினைத்தார். விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பைசல் ஒரு பழைய மிஷினை வாங்கிக் கொடுத்தார்.

"கரண்டு ரொம்பத் தின்னும்ணே, யோசிச்சுக்கங்க," என்று பைசல் சொன்னதை இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செருப்புப் பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் மாவு மில்லைத் தூக்கி வந்து நடுவீட்டில் வைத்தது போல இரைந்தது. பின்பக்கத்திலிருந்து அனல் வீசியது. அவர் மனைவி அருணாதேவி மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் அந்த அனலுக்கு முன்னால் ஒரு தட்டில் மோர் மிளகாயைப் பரப்பி வைத்தாள்.

"ஏங்க, நீங்க வாங்கிட்டு வந்ததுல உருப்படியா ஆனது இந்த வத்தல் ஒண்ணுதான்," என்றாள்.

கரண்டு பில் வந்த அன்று அந்தக் கேலியும் நின்றுபோனது. மிஷின் சம்பாதித்தது பில்லில் பாதிக்குக்கூட வரவில்லை. புத்தி உள்ளவன் அன்றே அதை விற்றுத் தலை முழுகியிருப்பான். இவருக்கு அப்பாவின் கிணறு ஞாபகத்துக்கு வந்தது. அப்பா இறந்து நாலு வருஷமாக நிலம் தரிசு. மோட்டார் ஓடவில்லை என்றாலும் இணைப்பு உயிரோடு இருந்தது. விவசாயக் கரண்டு, காசு கிடையாது.

"அது வெள்ளாமைக்குக் குடுத்த கரண்டுல்ல?" என்று அருணாதேவி கேட்டாள்.

"சும்மா கெடக்குற கரண்டுதான? யாருக்கு நட்டம்?" என்றார். மோட்டார் ஷெட்டில் மிஷினை வைத்து, இன்டர்நெட்டுக்கு ஒரு சிம் போட்ட பெட்டியைச் சுவரில் மாட்டி, கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்.

யாருக்கு நட்டம் என்பது கோடையில் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஓடும் எட்டு மோட்டாருக்கும் இவர் இணைப்புக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். எட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடினால் அது தாங்காது. அதனால் பங்குனி பிறந்ததும் ஊரில் முறை வைத்துவிடுவார்கள். காலையில் நாலு மோட்டார், மதியத்துக்கு மேல் நாலு மோட்டார். முறை தப்பி எவனும் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. இசக்கிப்பாண்டியின் மிஷினுக்கு முறை ஏது? அது கரண்டு வந்த நேரமெல்லாம் இழுத்தது. மூன்று தடவை பியூஸ் போனது. நாலாவது தடவை டிரான்ஸ்பார்மரே எரிந்தது. மாற்று வர பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் மாரிக்கண்ணனின் ஒண்ணரை ஏக்கர் கத்தரி, பூவும் பிஞ்சுமாகக் கருகிப்போனது. பிழைத்தது ஓரத்தில் நின்ற பத்து வரிசைதான்.

மாரிக்கண்ணன் கொதித்தான். "முறை முடிஞ்ச பொறவும் கருத்தப்பாண்டி மாமா ஷெட்டுப் பக்கம் இரைச்சல் கேட்டுது. நான் என் காதால கேட்டேன்," என்று ஊர் முழுக்கச் சொன்னான்.

கருத்தப்பாண்டி இசக்கிப்பாண்டியின் பெரியப்பா மகன். அறுபது வயது. இருவர் ஷெட்டும் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. கிரஷரில் பதினைந்து வருஷம் கல் உடைத்ததில் கருத்தப்பாண்டிக்குக் காது மந்தம். பக்கத்து ஷெட்டு இரைந்ததே அவருக்குத் தெரியாது. போதாததற்கு அவருடைய வெண்டை பச்சையாக நின்றது. முறைத் தண்ணீரை வீணாக்காமல், காய்ந்த சருகை வேரில் மூடி வைத்துக் காப்பாற்றிய பச்சை அது. சந்தேகப்படுகிறவனுக்குச் சருகா கண்ணில் படும்?

அய்யனார் கோயிலில் ஊர் கூடியது. ஒட்டிய ஷெட்டு என்பதால் இரண்டு பேருமே சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார்கள். இசக்கிப்பாண்டி எழுந்து நின்றார். இதோ சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் கருத்தப்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"அவன் நெலம் தரிசாக் கெடக்கு. தரிசுக்கு எவம்லே தண்ணி பாச்சுவான்? எழுதுற கைய அவன் எதுக்குச் சுட்டுக்கிடணும்? அவனுக்கும் சேத்து நானே அணைக்கேன்," என்றார். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "எங்க ரெண்டு ஷெட்டுலயும் முறை தப்பிக் கரண்டு எடுக்கல. இது சத்தியம்."

அந்த நேரத்தில் இசக்கிப்பாண்டிக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா என்றுகூட இருந்தது. பின்னால் எத்தனையோ நாள் அவர் நினைத்து நினைத்துக் கூசியது கரண்டைத் திருடியதற்காகக்கூட இல்லை, அந்த ஒரு நிமிஷ நிம்மதிக்காகத்தான். அண்ணன் கை பொசுங்கும்போது தம்பிக்கு நிம்மதி வந்தால் அவன் என்ன பிறவி?

மறுநாள் விடிந்ததும் மிஷினைச் சாக்கில் கட்டி மதுரையில் ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சுவரில் மாட்டிய பெட்டியையும் கழற்றினார். தடயம் ஒழிந்தால் பயமும் ஒழியும் என்ற கணக்கு. பயம் ஒழிந்தது. சோறுதான் இறங்கவில்லை. எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் நாள் கருத்தப்பாண்டியின் வெண்டைத் தோட்டத்துக்குப் போய், காதோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கருத்தப்பாண்டி திட்டவில்லை. கையில் இருந்த காய்க்கூடையை இறக்கி வைத்தார்.

"அப்போ நான் பண்ணுனது பொய்ச் சத்தியமாலே?" என்று மட்டும் கேட்டார்.

"அண்ணே, ஊர்ல நானே சொல்லிடுதேன்."

"உனக்கும் சேத்துல்ல அணைச்சேன். அணைச்சது என் கை. பொய்யாப் போனா அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அன்று சாயங்காலமே அவர் மாரிக்கண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். "இந்த வெள்ளாமை முடியுற வரைக்கும் என் முறைத் தண்ணிய நீயே பாச்சிக்கோ. மிஞ்சுன கத்தரியாவது பொழைக்கட்டும்," என்றார். ஏன் எதற்கு என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. கிழவன் திருடிவிட்டு அய்யனாருக்குப் பயந்து கப்பம் கட்டுகிறான் என்று ஊரே முடிவு கட்டியது. தண்ணீர் இல்லாமல் அவருடைய வெண்டை ஒரு வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டது.

இனியும் பொறுத்தால் மனிதனே இல்லை என்று இசக்கிப்பாண்டிக்குத் தோன்றியது. காலையில் டீக்கடையில் மாரிக்கண்ணன் உட்பட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஓர் ஓரத்தில் கருத்தப்பாண்டியும் இருந்தார், பக்கத்தில் யாரும் உட்காராமல். எல்லோர் முன்னாலும் நின்று, "அண்ணன் மேல தப்பே இல்ல. கரண்டு எடுத்தது நான்தான்," என்றார் இசக்கிப்பாண்டி.

"நீ எதுக்கு மாப்ள எடுத்த? எருக்கஞ்செடிக்குப் பாச்சவா?" என்றான் மாரிக்கண்ணன்.

"ஒரு மிஷின் வச்சிருந்தேன். அது கணக்குப் போடும். போட்டா பிட்காயின்னு காசு வரும்."

கடையே சிரித்தது. "ஷெட்டுக்குள்ள காசு காய்ச்சுச்சா? எங்க மிஷின், காட்டு பாப்போம்?"

"வித்துட்டேன்."

மாரிக்கண்ணன் சிரிப்பை நிறுத்தினான். எழுந்து வந்து இவர் தோளில் கை போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "பாத்தீகளா? அண்ணன் மானத்தக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டு வந்து நிக்கான். பிறந்தா இப்படி ஒரு தம்பி பிறக்கணும்," என்றான். ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ இவருக்கு ஒரு டீ சொன்னார்கள்.

இசக்கிப்பாண்டிக்கு நின்ற இடத்தில் உடம்பெல்லாம் கூசியது. "சத்தியமாச் சொல்லுதேன் மச்சான், நான்தான்..." என்று கத்தினார்.

"சத்தியமெல்லாம் வேணாம் மாப்ள," என்றான் மாரிக்கண்ணன், ஆதரவாக. "உங்க வீட்டுச் சத்தியத்த ஊரு ஒரு தடவ பாத்துருச்சு."

காது மந்தமான கருத்தப்பாண்டிக்கும் அது காதில் விழுந்தது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.