நான் எண்ணாமல் விட்ட இருபத்தொன்று

என் கையாலேயே என் கணவரைக் கொன்றுவிட்டேன் என்று நான் நம்பிய ஐம்பது நிமிடங்களைப் பற்றித்தான் இந்தச் சாட்சி. மகிமை எல்லாம் ஆண்டவருக்கே.

நாங்கள் மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் குடியிருக்கிறோம். கடலுக்கடியில் சிக்கிக் கிடக்கும் வலைகளை முக்குளித்து அறுத்தெடுப்பது என் கணவர் அருளின் வேலை. அவர் வேலை செய்யும் கம்பெனியிலேயே, முக்குளிப்பவர்கள் மூச்சுக்காக முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஆழத்துக்குப் போகிறவர்களின் சிலிண்டரில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக, நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு இருக்க வேண்டும். முதலில் ஆக்சிஜன், அதன் மேல் காற்று, மொத்தம் இருநூறு பார் அழுத்தம். ஆக்சிஜன் எவ்வளவு என்பதற்குச் சுவரில் ஓர் அட்டை தொங்கும்.

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முதலாளி அண்ணன் அந்த அட்டையை நகல் எடுக்கக் கொண்டுபோயிருந்தார். நான் வேதியியல் முதுகலை படித்தவள். மோல் பின்னமும் பகுதி அழுத்தமும் ட்யூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். எனக்கு எதற்கு அட்டை? வாயுவில் எத்தனை பங்கோ, அழுத்தத்திலும் அத்தனை பங்கு. இருநூறில் முப்பத்திரண்டு சதவீதம் அறுபத்து நான்கு. அவ்வளவுதானே! அருளின் சிலிண்டரில் அறுபத்து நான்கு பார் ஆக்சிஜன் ஏற்றி, மீதி நூற்று முப்பத்தாறுக்குக் காற்றை நிரப்பினேன். அதை எடுத்துக்கொண்டு அவர் ஏறிய படகு கிளம்பிவிட்டது.

பதிவேட்டில் 'காற்று 136' என்று எழுதும்போது கை நின்றது. காற்றிலேயே இருபத்தொரு பங்கு ஆக்சிஜன் இருக்கிறதே! அதை நான் எண்ணவே இல்லை. அது இன்னும் இருபத்தெட்டரை பார். மொத்தம் தொண்ணூற்றிரண்டரை. முப்பத்திரண்டு அல்ல, நாற்பத்தாறு சதவீதம். நான் ஏற்ற வேண்டியிருந்தது வெறும் இருபத்தெட்டு பார்தான். முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.8 பாரைத் தாண்டும். 1.4க்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் விதி. போனால் வலிப்பு வரலாம், வாயிலிருந்து குழாய் நழுவிவிடும்.

கடலில் இருந்த அவருக்குப் போன் போகவில்லை. அண்ணன் இன்னொரு படகை விரட்டினார். அது போய்ச் சேரவே முக்கால் மணி ஆகும். நான் காற்று நிரப்பும் கம்ப்ரசர் பக்கத்தில் முழங்காலிட்டேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "அவர எறங்க வுடாதீங்க ஆண்டவரே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியில் போன் அடித்தது. அவர்தான்.

"இன்னாம்மே, சிலிண்டர்ல ஆக்சிஜன் எவ்ளோன்னு எழுதி ஒட்ற ஸ்டிக்கரே இல்ல? கூட வந்த சேகரு, 'ஒன் பொண்டாட்டி ரொப்புனதுதான, எறங்கு மச்சான்'னான். எனுக்கு மனசு ஒப்பல. ஆக்சிஜன் மீட்டர் வெச்சுப் பாத்தா நாப்பத்தாறு காட்டுது. மீட்டரு கெட்டுப்போச்சா? திரும்பி வந்துகினு கீறோம், இப்பதான் சிக்னல் கெடச்சுது."

"கெட்டது மீட்டரு இல்லீங்க, நானு" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

ஸ்டிக்கரை நான் ஒட்டத்தான் செய்தேன். ஈரத்தைத் துடைக்காமல் ஒட்டியதால் வழியிலேயே விழுந்திருக்கிறது. நாலு வருஷத்தில் ஒரு நாளும் துடைக்க மறந்தவள் இல்லை. என்னுடைய ஒரு தப்பை வைத்தே இன்னொரு தப்பிலிருந்து அவரைக் காப்பாற்றிய தேவனை என்னவென்று சொல்வேன்! இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

படித்த திமிர் அன்றோடு போயிற்று. அட்டையைப் பார்க்காமல் நான் நிரப்புவதில்லை, அளக்காமல் அவர் இறங்குவதில்லை. பிறந்ததிலிருந்து இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும், நான் கேட்காமலே ஆண்டவர் வைத்திருந்த பங்கு அந்த இருபத்தொன்று. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நானே ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அன்பானவர்களே, நீங்களும் அப்படி ஒரு கணக்கோடு தவித்துக்கொண்டிருக்கலாம். என்னைப் போல வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அவரைக் கூப்பிடுங்கள்.

அன்று மதியம் அருள் வாசலில் வந்து நின்று, "பசிக்குதும்மே, சோறு போடு" என்றார். அதைக் கேட்க வைத்தவருக்கு, சாகும்வரை ஸ்தோத்திரம் சொன்னாலும் எனக்குப் போதாது.