டெசிபல் அக்காவின் ஐந்து ராக் குழுக்கள்

பல்செட் செய்யும் லேபில் எல்லோரும் அவரை டெசிபல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லும் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தவர் வேறு வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாகச் சன்னலோரத்து மேசை அவருடையது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாக நிறுத்துவார். அவர் செய்த செட் சரியில்லை என்று திரும்பி வருவது அபூர்வம்.

"ஈறுக்கும் செட்டுக்கும் நடுவுல காத்து நுழையக் கூடாது. நுழைஞ்சா ஆடும். ஆடினா புண்ணாகும்" என்பார். தொழிலைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

ராக் கச்சேரி என்றால் பேச்சு வேறு மாதிரி. கை மெழுகைச் செதுக்கிக்கொண்டே இருக்கும், வாய் ஓயாது. யாராவது ஒரு குழுவின் பெயரைச் சொல்லி, டிக்கெட் வாங்கலாமா என்று கேட்டால், "ரிக்கார்டுல கேட்டதை வெச்சுப் போகாதே" என்றுதான் ஆரம்பிப்பார். ரிக்கார்டில் பத்து தடவை பாடி, நன்றாக வந்ததைப் போட்டுவிடலாம். மேடையில் அது முடியாது. ஆகவே அக்காவின் கணக்கில் மேடை மட்டும்தான் உண்டு. ஒரு குழுவை மூன்று தடவை பார்த்த பிறகுதான் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வார். ஒரு தடவை நன்றாக அமைந்தால் அது அன்றைய நல்ல நேரமாக இருக்கலாம்.

இந்தப் பழக்கம் வந்த கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாடகருக்கு முன்பல் ஒன்று செய்து கொடுத்தார். பாடகர் டாக்டர் மூலமாக ஒரு டிக்கெட் அனுப்பிவைத்தார். பாடும்போது பல் நிற்கிறதா என்று பார்க்கத்தான் அக்கா போனார். "பல்லு நின்னுச்சு. பாட்டு சுமார். ஆனா டிரம்ஸ் அடிச்சப்போ நெஞ்சுக்கூடே நாற்காலி மாதிரி அதிர்ந்துச்சே, அதை விட முடியலை" என்பார்.

இப்போது அவரிடம் ஐந்து குழுக்களின் பட்டியல் இருக்கிறது. எதிலும் எழுதி வைக்கவில்லை, ஆனால் லேபில் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் இடம் பித்தளைப் பூட்டு. மூன்றே பேர், ஆனால் முப்பது பேர் சத்தம். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் ஆரம்பிப்பார்கள், நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இரண்டாவது இடம் ஏழாவது மாடிக்கு. பாடகிக்குத் தொண்டை கட்டிய நாளில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உயரத்துக்குப் போக முடியாமல் கீழேயே நின்று பாடுவார், அது உள்ளே போய்க் குத்தும். மூன்றாவது மழைக்கோட்டு. இரண்டு கிதார்காரர்கள், ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்பவர்கள். சில இடங்களில் அவ்வளவு மெதுவாக இறங்குவார்கள், மின்விசிறியின் சத்தம் கேட்கும். நான்காவது குளிர்பெட்டி. ரிக்கார்டில் தூக்கம் வரும். மேடையில் அந்த டிரம்ஸ் பெண்மணியைப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. ஐந்தாவது இடம் வருடத்துக்கு ஒரு தடவை மாறும். "அது விருந்தாளி நாற்காலி" என்பார் அக்கா.

இத்தனை கச்சேரிக்கும் கணவர் வந்ததில்லை.

அவர் குடிநீர்த் துறையில் கசிவு பார்ப்பவர். ஊர் விழிப்பதற்கு முன் கிளம்பிவிடுவார். கையில் ஐந்தடி இரும்புக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் பித்தளைக் குமிழில் காதை வைத்து, மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்வார். அவர் கோடு போட்ட இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். நாள் முழுக்கக் காதால் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் மிக்ஸி ஓடினாலே ஆகாது. செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

தனியாகப் போவது அக்காவுக்கு ஒரு குறையாக இருந்ததில்லை, திரும்பி வரும் நேரத்தைத் தவிர. வீட்டுக்கு வந்து, "கடைசிப் பாட்டுல என்ன பண்ணாங்க தெரியுமா" என்று ஆரம்பிப்பார். கணவர் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சுல்ல, அது போதும்" என்பார். பத்தொன்பது வருடமாக அதே பதில். கேட்க ஆள் உண்டு, கூடச் சேர்ந்து பார்த்த ஆள் இல்லை.

போன மாதம் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"ஒரு தடவை வர்றேன். பிடிக்கலைன்னா அதுக்கப்புறம் நீ கூப்பிடவும் கூடாது, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கவும் கூடாது."

"சரிங்க."

"எழுதித் தர்றியா?"

"பல்லுல செதுக்கித் தர்றேன்."

ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த நாள் லேபில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. பல்லுக்கு நிறம் பார்க்கும் பெண் பக்கத்து மேசையிலிருந்து சொன்னாள்: "பேசாம பித்தளைப் பூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. ஒரே அடி, மனுஷன் விழுந்துடுவார்."

"விழுந்தா எழுந்திரிக்க மாட்டார்டீ. முதல் தடவை செட் போடறவங்களை முதல் நாளே முறுக்கு கடிக்கச் சொல்லுவியா?"

"அப்ப யாரு?"

"மழைக்கோட்டு. மண்ணுக்கு அடியில ஒழுகறதைக் கேக்கற காது அது. அந்த மெதுவான இடமெல்லாம் அவருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்." இதில் அக்காவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நாத்தனாருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. போன் செய்தார். "அண்ணி, எங்கண்ணன் காதை வெச்சுத்தான் அவருக்குச் சம்பளமே. கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துடுங்க."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே."

சொன்னதோடு நிற்கவில்லை. அக்கா எட்டு வருடமாகக் கச்சேரிக்குப் போகும்போது கடையில் வாங்கிய காதடைப்பான் போட்டுக்கொள்வார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. அது கடைச் சரக்கின் அரைகுறை வேலை என்றே நினைத்திருந்தார். கணவர் காதுக்கு அந்த மாதிரிச் சரக்கு ஆகாது. சனிக்கிழமை மாலை அவரைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்தார். காதுக்குள் நூல் கட்டிய பஞ்சுருண்டையை வைத்து, பல்லுக்கு அச்சு எடுக்கும் பசையைப் பிசைந்து கையில் எடுத்தார்.

"வாயைத் திறங்க."

"காதுக்கு எதுக்கு வாய்?"

"பழக்கதோஷம். மூடிக்கோங்க."

லேபில் செட்டுக்கு அடியில் கொடுக்கும் மெத்தென்ற சிலிகானில் இரண்டு அடைப்பான்கள் வார்த்தார். ஓரம் தேய்த்து, மெருகேற்றி, போட்டுப் பார்த்தார். காதோடு காதாக உட்கார்ந்துவிட்டது. பின்னால் நின்று கரண்டியால் தட்டைத் தட்டினார். அவர் திரும்பவில்லை.

"ஒண்ணும் கேக்கலையே" என்றார், கழற்றிய பிறகு.

"கேக்கக் கூடாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக் கச்சேரி. ஒரு காலத்தில் சினிமா ஓடிய கட்டிடம். முந்நூறு நாற்காலி. எட்டாவது வரிசையில் நடு இடமாகப் பார்த்து அக்கா வாங்கியிருந்தார். விளக்கு அணைந்தது. மழைக்கோட்டுக்காரர்கள் வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள், தொடங்கினார்கள்.

முதல் பாட்டு முடிந்தபோது அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, பேங்கில் டோக்கன் எண் வருவதற்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். போகட்டும், அடுத்தது அந்த மெதுவான பாட்டு என்று அக்கா தைரியமாக இருந்தார். அது வந்தது. டிரம்ஸ் நின்றது. அடியில் உறுமும் பேஸ் நின்றது. இரண்டு கிதார்களும் இறங்கி இறங்கி ஒரே ஒரு கம்பிக்கு வந்தன. முந்நூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

அப்போது கணவர் அக்கா பக்கம் சாய்ந்து, காது அடைத்தவர்கள் பேசும் குரலில் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

ஏழாவது வரிசை முழுக்கத் திரும்பியது. மேடையில் இடது பக்கம் இருந்த கிதார்காரரே தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்னால் இருந்த பெரியவர் ஒருவர், "ரெண்டாவது பாட்டே முடியப் போகுது சார்" என்றார். அதுவும் கணவருக்குக் கேட்கவில்லை.

அக்கா அவர் கையைப் பிடித்து எழுப்பி, ஒவ்வொரு முழங்காலாகத் தாண்டி வெளித் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்தார். கதவு மூடியதும் கணவர் அடைப்பான்களைக் கழற்றினார்.

"எதுவுமே கேக்கலையா உங்களுக்கு?"

"கீழயிருந்து தொம் தொம்முன்னு நாற்காலி அதிருது. மத்தபடி மீன்தொட்டி பார்க்கற மாதிரி இருக்கு. வாயை வாயைத் திறக்கறாங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீதானே கேக்கக் கூடாதுன்னே? இத்தனை வருஷமா நீ இதுக்கா போயிட்டு வர்றேன்னு நினைச்சேன். பாவமாக்கூட இருந்துச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் காதிலிருந்த கடைச் சரக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் அந்தத் துளை. சத்தம் அந்த வழியாகத்தான் இத்தனை நாள் அவருக்குள் போயிருக்கிறது. அதை ஓட்டைச் சரக்கு என்று திட்டிக்கொண்டே போட்டிருந்திருக்கிறார்.

"இல்லாமலே உள்ள போய் உட்கார்றேனே" என்றார் கணவர்.

"அது நடக்காது. அந்தக் காது உங்களோடது மட்டும் இல்லை, ஊருக்கே தண்ணி விடற காது."

"அப்ப வீட்டுக்குப் போயிடலாமா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அக்காவுக்கு அது சாதாரணம் இல்லை. இப்போது போனால் இனிமேல் கூப்பிட முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. பிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, கேட்காமலே போய்விடும். "போக வேண்டாம்" என்றார்.

கணவர் அடைப்பானை விரலால் உருட்டிப் பார்த்தார். "அருமையா பண்ணியிருக்கே. ஒரு சொட்டு ஒழுகாது. அதுதான் கோளாறு. ஒரு ஓட்டை போடு."

"போட்டா காத்து நுழையுங்க."

"நுழையட்டுமே. சத்தம் அதுலதானே வரும்? நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ஒழுகறதை அடைக்கறதுக்கே இடம் காட்டிட்டிருக்கேன். ஒரு நாளாச்சும் கொஞ்சம் ஒழுகட்டும் விடு."

அக்காவின் பையில் இருந்த ஒரே ஆயுதம் நகவெட்டி. அதை எடுத்தார், ஆனால் கை போகவில்லை. சரியாகப் பொருந்திய ஒன்றை இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வெட்டியதில்லை. உள்ளே மூன்றாவது பாட்டு தொடங்கிய சத்தம் கதவு வழியாக வந்தது. அடைப்பானின் மேல் ஓரத்தில் நகவெட்டியை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சின்னதாக ஒரு வாய்க்கால் கடித்து எடுத்தார்.

கணவர் அதைக் காதில் போட்டுக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டினார். திரும்பி வந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

அக்கா மறுபடி கடித்து எடுத்தார். மறுபடி அவர் தலையை நீட்டினார். "டிரம்ஸ் வந்துடுச்சு. மேல இருக்கறது வரலை."

"மேல இருக்கறதுன்னா?"

"அந்த மெல்லிசுக் கம்பி. ஒரு நூல் அளவு எடு, போதும். அவசரப்படாதே."

இடது காது மூன்று தடவையில் முடிந்தது. வலது காதுக்கு இரண்டு. தாழ்வாரத்தில் நின்ற டிக்கெட் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பாட்டு போய்விட்டது. மழைக்கோட்டின் கச்சேரியில் அக்கா அதுவரை ஒரு பாட்டைக்கூட விட்டவரில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கணவர் கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, தரையைப் பார்த்துக் குனிந்தார். தெருவில் கம்பியை ஊன்றி நிற்கும்போது அவர் அப்படித்தான் இருப்பார். அக்காவுக்கு இப்போது மேடையைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது. அடுத்த மெதுவான இடம் வந்தபோது அவருடைய ஒரு விரல் மட்டும் முழங்கால் மேல் எழுந்து அந்தரத்தில் நின்றது. கிதார் திரும்ப ஏறும் வரை அது இறங்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பிடித்ததா என்று கேட்பதில்லை என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"கடைசிக்கு முந்தின பாட்டுல" என்றார் கணவர், "இடது பக்கத்துக்காரருக்கு ஒரு கம்பி சுருதி இறங்கிப் போச்சு. கவனிச்சியா?"

"இல்லையே."

"அடுத்த வரியிலேயே விரலை அழுத்திச் சரிக்கட்டிட்டார். இன்னொருத்தர் அதைக் கேட்டுட்டுக் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். கெட்டிக்காரங்க."

அக்கா அந்தக் குழுவை நான்கு தடவை பார்த்தவர். "அப்படியெல்லாம் ஒண்ணும் இறங்கலை" என்றார்.

"இறங்குச்சு."

"எந்த வரி? பாடிக் காட்டுங்க."

அவர் பாடிக் காட்டினார். அது எந்தப் பாட்டின் எந்த வரியாகவும் இல்லை. நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் ஒரு பஸ் வந்து போய்விட்டது. பாடகர் தேவையில்லாத இடத்தில் கையை ஆட்டுகிறார் என்று கணவர் அடுத்த குறையை எடுத்தார். அதை மட்டும் அக்கா ஒப்புக்கொண்டார்.

"உன் பட்டியல்ல முதல்ல இருக்காங்களே, மூணு பேர். அவங்க எப்ப வர்றாங்க?"

"பித்தளைப் பூட்டா? அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு." அக்கா குரலை மாற்றாமல்தான் சொன்னார். "ஆனா சத்தம் ரொம்ப ஜாஸ்திங்க."

கணவர் சட்டைப் பையிலிருந்து அடைப்பான்களை எடுத்து, வெயிலில் பிடித்து, நகவெட்டி கடித்த வாய்க்காலைப் பார்த்தார்.

"அப்படின்னா இது ஆகாது. ஓட்டை பெருசு. வேற ஒரு ஜோடி பண்ணணும்."

அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, நிறுத்தத்தில் நின்றபடியே அவர் தலையைத் தன் பக்கம் திருப்பினார்.

"வலது காதைக் காட்டுங்க" என்றார்.