பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிட்ட போலீஸ்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் அது எந்தச் சாலை என்று மட்டும் விசாரித்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். நான் அன்று குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. நடுராத்திரியும் இல்லை, மாலை ஐந்து மணிகூட ஆகவில்லை. அந்த வண்டியை ஓட்டியவன் நான். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கர்டிஸ் ஹாகன். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு உதிரிபாகங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எங்கோ ஒரு கிணற்றில் பம்ப் நின்றுவிடும். உடனே போன் வரும். ஹலோ எல்லாம் கிடையாது, "எங்கய்யா இருக்க?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருமே கொஞ்சம் பறப்போம். பறந்து பறந்து, அந்த வருடம் என் லைசென்ஸ் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேகத்துக்காகப் போலீஸ் இன்னொரு அபராத டிக்கெட் எழுதினார்கள் என்றால் லைசென்ஸ் போய்விடும். அது போனால் வேலை போய்விடும். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

என் மனைவியின் தம்பி லீலண்டும் என்னோடுதான் வேலை செய்தான். சரக்கை ஏற்றி இறக்க எனக்கு இன்னொரு கை வேண்டும். அவனுக்கோ வாய் மூடாது. "மாமா, நீங்க மெதுவா ஓட்டப் போறதில்ல. அட்லீஸ்ட் போலீஸ் எங்க நிக்கிறான்னாவது தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுங்க" என்று நச்சரித்து, ஒருநாள் என்னைக் கடைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மெர்னா டால் என்ற பெண்மணி கடை வைத்திருந்தார். ரேடியோ, டயருக்குப் போடுகிற பனிச் சங்கிலி, போலீஸ் வேகம் அளக்கிற ரேடாரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிற டிடெக்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். அவருக்கு அறுபது வயதிருக்கும். முதலில் அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"எந்த மாதிரி ரோட்ல ஓட்டுற, கர்டிஸ்?"

"ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு அக்கா."

"அப்ப அந்த மலிவானது வேணாம். கடைக் கதவு திறந்தாக்கூடக் கத்தும். நாலே நாள்ல பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சிடுவ." உயரத்திலிருந்து வேறொன்றை எடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. "இதுல அம்புக்குறி இருக்கு பாரு. முன்னாடி, பக்கத்துல, பின்னாடி. ரேடார் எந்தத் திசைல இருந்து வருதுன்னு காட்டிடும்."

"லேசர் வெச்சுப் பிடிச்சா?" என்றான் லீலண்ட்.

"அதுக்கு இது கத்துச்சுன்னா, அவன் டிக்கெட் எழுத ஆரம்பிச்சுட்டான்னு அர்த்தம். பேசாம சிரிச்ச முகத்தோட லைசென்ஸை நீட்டு."

"போலீஸ் ரேடாரையே குழப்பி விடுற மிஷின் ஒண்ணு இருக்காமே?"

"இருக்கே. கூடவே ஜெயில்ல கட்டிலும் போட்டுத் தருவாங்க. வாங்கிக்கிறியா?"

நான் சிரித்துவிட்டேன். கருவியை இயக்கிக் காட்டும்போது, "இந்த எக்ஸ் அலையை அணைச்சிடறேன்" என்றார் மெர்னா. "அது அந்தக் காலத்து ரேடார். இந்தப் பக்கத்துப் போலீஸ் யாரும் இப்ப அதை வெச்சிருக்கறதில்ல. தானா திறக்கிற கடைக் கதவுங்கதான் அந்த அலைல வேலை செய்யும். சும்மா தொல்லை."

"இருக்கட்டும் அக்கா. காசு குடுத்து வாங்கறோம். எல்லாத்துக்கும் கத்தட்டும்" என்றான் லீலண்ட்.

அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் அது எங்களைக் காப்பாற்றியது. பாலத்துக்கு அடியில் பதுங்கியிருந்த போலீஸ்காரனை அரை மைலுக்கு முன்பே காட்டிக்கொடுத்தது. லீலண்ட் அதைத் தட்டிக்கொடுத்து, "என் தங்கம்" என்பான்.

அப்புறம் அந்த டிசம்பர் மாலை.

ஒரு கிணற்றில் வால்வை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எந்தக் கவுண்டி, அதாவது எந்த மாவட்டம், என்று சொல்லமாட்டேன். இருபுறமும் பனி மூடிய வயல். வேலிக் கம்பங்கள். நாற்பது மைலுக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டிவிட்டது. லீலண்ட் சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தான். நான் எண்பத்தைந்து மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

பீப்.

நான் பிரேக்கை மிதித்தேன். கருவியைப் பார்த்தேன். முன்பக்க அம்புக்குறி. அதற்குப் பக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்து.

"கடைக் கதவு மாமா, பயப்படாதீங்க."

"கடை எங்கடா இருக்கு இங்க?"

லீலண்ட் முன்னால் குனிந்து பார்த்தான். நேரான சாலை. எங்கள் விளக்கு வெளிச்சம் போகிற தூரம்வரை ஒன்றுமில்லை.

பீப்... பீப்... பீப்...

சத்தம் நெருங்கியது. எதிரில் ஏதோ வருகிறது என்று கருவி சொன்னது. எதிரில் எதுவும் வரவில்லை. பக்கத்து அம்புக்குறி எரிந்தது. அந்த நொடியில் எங்கள் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. கனமான எதுவோ உரசுவதுபோலக் கடந்து போனால் ஆடுமே, அப்படி. அப்புறம் பின்பக்க அம்புக்குறி.

அப்புறம் மௌனம்.

"நம்மளத் தாண்டிப் போச்சு" என்றான் லீலண்ட். வாயில் இருந்த விதையை அவன் துப்பவில்லை.

"என்னடா போச்சு?"



பீப்.

பின்பக்க அம்புக்குறி. எக்ஸ். திரும்பி வந்துகொண்டிருந்தது.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். இருட்டு. மீட்டரைப் பார்த்தேன். ஐம்பதுக்குக் குறைத்திருந்தேன். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன்.

விளக்கு சுற்றியது.

போலீஸ் வண்டி. கூரைமேல் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. பேயைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. லைசென்ஸ் போச்சு, பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன் என்பதுதான் ஓடியது. ஓரம் கட்டினேன். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்மேல் வைத்தேன்.

அந்த விளக்கு அத்தனை சுற்றியும் பனிமேல் சிவப்பே விழவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

காலடி கேட்டது. பனி நொறுங்கும் சத்தம். நறுக்... நறுக்... நறுக்...

என் பக்கம் வரவில்லை.

லீலண்ட் பக்கம் போய் நின்றது. டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. கண்ணாடியை இறக்கினான். வெளிச்சத்துக்குப் பின்னால் எனக்கு எதுவும் தெரியவில்லை. தொப்பியின் விளிம்பு மட்டும்.

"வண்டி ஓட்டினது நான்தான் சார்" என்றேன்.

டார்ச் என் பக்கம் திரும்பவில்லை.

"குழந்தைக்குக் குளிரும். அவங்க உள்ளயே இருக்கட்டும்" என்றது குரல். "நீங்க மட்டும் வாங்க."

நானும் லீலண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியில் எங்களைத் தவிர யாருமில்லை.

"குழந்தையாம். உங்களத்தான் மாமா" என்று முணுமுணுத்துச் சிரித்தான். எங்கள் ஊர்ப்பக்கம் போலீஸ்காரர்கள் ஆளைத் தங்கள் வண்டியில் உட்கார வைத்து டிக்கெட் எழுதுவது வழக்கம்தான். "இருங்க, நான் பேசிச் சமாளிக்கிறேன். உங்க லைசென்ஸைக் காப்பாத்தாம வரமாட்டேன்." இறங்கிப் போனான்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு கதவு.

காத்திருந்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் மூச்சு புகையாக வந்தது. கருவி பின்பக்க அம்புக்குறியைக் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. திடீரென்று மூன்று அம்புக்குறிகளும் ஒன்றாக எரிந்தன. முன்னால். பக்கத்தில். பின்னால்.

பிறகு அணைந்துவிட்டது.

அந்த அமைதியில்தான் கேட்டது.

டடக்...

பின்னாலிருந்து.

டடக்... டடக்...

யாரோ எதையோ பிடித்து இழுக்கிறார்கள்.

டடக். டடக். டடக். டடக்.

வேகம் கூடியது.

"மாமா!"

லீலண்டின் குரல்.

கண்ணாடியில் விளக்கு இல்லை.

குதித்தேன். ஓடினேன்.

போலீஸ் வண்டி இல்லை.

எங்கள் வண்டியின் தடத்தைத் தவிர வேறு டயர்த் தடம் இல்லை.

லீலண்டின் காலடித் தடம் மட்டும். ஒரே வரிசை. போய்... நின்றுவிட்டது.

அங்கே அவன் உட்கார்ந்திருந்தான். பனியில். முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்த்தி, கார் சீட்டில் உட்காருகிற மாதிரி. வலது கை காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்து... இழுத்து... விரல் நகங்கள் பெயர்ந்து ரத்தம் சொட்டியது. அவன் சட்டையில் கருகிய ரப்பர் நாற்றம்.

அவனை எப்படித் தூக்கினேன், எப்படி வண்டியில் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. என்ன நடந்ததென்று அன்று இரவு அவன் அக்கா எவ்வளவோ கெஞ்சிக் கேட்டாள். அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைமை, ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனோம். மேஜையில் இருந்த பெண் முதலில், "நேத்து சாயங்காலம் அந்த ரோட்ல எங்க வண்டி எதுவுமே இல்லையே" என்றாள். அப்புறம் லீலண்டின் கையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"வெர்லின் ஆஸ்ட்பின்னு ஒருத்தர் இருக்கார். இங்க ஷெரிஃபுக்குக் கீழ டெபுட்டி போலீஸா இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ரோட்டைப் பத்தி யார் வந்து கேட்டாலும் தன்கிட்ட அனுப்பச் சொல்லியிருக்கார்."

"எங்களுக்கு முன்னாடியும் வந்திருக்காங்களா?" என்றேன்.

அவள் முகவரியை எழுதி என் கையில் கொடுத்தாள்.

ஆஸ்ட்பி முதியோர் இல்லத்தில், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். கழுத்திலிருந்து காதுவரை பழைய தீக்காயத் தழும்பு. நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே லீலண்டின் கையைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்.

"எண்பத்தாறாம் வருஷம்" என்றார். "ஒரு பொம்பள ஓட்டிட்டு வந்தா. பக்கத்துல புருஷன். பின்சீட்ல கைக்குழந்தை. வெளியில எலும்பு உறையற குளிரு. பச்சப் புள்ளைக்காரியை இறக்க எனக்கு மனசு வரல. அவனை மட்டும் கூப்பிட்டு என் வண்டில உக்கார வெச்சேன். அவங்க வந்தது பெரிய வேகம்கூட இல்லப்பா. கண்ணாடில டிடெக்டர் ஒட்டி வெச்சிருந்தாங்க. அதுல எனக்கு ஒரு கோவம். கொஞ்ச நேரம் காக்க வெச்சு அனுப்பலாம்னு நெனச்சேன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"பின்னாலேருந்து தானிய லாரி வந்து என் வண்டில அடிச்சிச்சு. தீப்பிடிச்சிச்சு. நான் என் பக்கக் கதவு வழியா வெளிய விழுந்துட்டேன். இடுப்புக்குக் கீழ எதுவும் வேலை செய்யல. அந்தப் புருஷன் உக்காந்திருந்த பக்கக் கதவுல உள் கைப்பிடி ஒரு வாரமா உடைஞ்சு கெடந்துச்சு. வெளியில இருந்துதான் தொறக்கணும். என்னால எழுந்திரிக்க முடியல. இழுத்துக்கிட்டே இருந்தான்ப்பா. எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அந்தச் சத்தத்தைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நான்தான் கேட்டேன். "அப்ப நேத்து எங்க வண்டிகிட்ட வந்து நின்னது யாரு சார்? நீங்க உயிரோட இங்க இருக்கீங்களே?"

"தெரியாதுப்பா. வந்தவங்க எல்லாரும் என் பேச்சக் கேட்டதும், இதே குரல்தான்னு சொல்றாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. லீலண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எல்லார்கிட்டயும் இது ஒண்ணுதான் கேக்கறேன். நீ ஏறி உக்காந்தப்ப... அவன் உக்காந்திருந்த அந்த சீட்டு காலியா இருந்துச்சா?"

லீலண்ட் கட்டுப் போட்ட கையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டான்.

"இல்ல" என்றான்.