மீன்தொட்டிக்குள் ஒரு தூண்பாறை

கொடைக்கானலில் வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவன் எவனும் சும்மா இருக்கமாட்டான். ஒருத்தன் வாசலில் சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி நிறுத்துவான், இன்னொருத்தன் கக்கூஸ் கதவில் இதயம் வரைவான். அவர்களையெல்லாம் கேவலமாகப் பார்த்துவிட்டு, நான் வரவேற்பறையில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்தேன். புத்தி அதே புத்திதான். கொஞ்சம் விலை கூடுதல்.

தொட்டிக்குள் தூண்பாறை எழுப்புவது என் திட்டம். வருகிற கூட்டம் மலையோரம் மூன்று கல்தூணாக நிற்கும் நிஜத் தூண்பாறைக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் பனியைப் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லி, மக்காச்சோளம் தின்றுவிட்டுத் திரும்பும். அந்த ஞானசூனியங்களுக்கு என் வீட்டிலாவது பாறை தெரியட்டும் என்கிற தர்மசிந்தனை.

மதுரையில் கல்லும் மீனும் விற்ற கடைக்காரர், “மொதல்ல கல்லக் கண்ணாடித் தரையில உக்கார வச்சிருங்கண்ணே. பெறகு மணலக் கொட்டுங்க. இந்த மீனு வாயால மண்ணள்ளித் துப்புற சாதி” என்றார். எனக்குச் சிரிப்பு. உருளைக்கிழங்குக் காட்டில் வரப்புக் கல்லுக்கட்டு ஏறி வளர்ந்தவனுக்கு மதுரைக்காரன் கல் வைக்கச் சொல்லித்தருகிறான்! எங்கள் பக்கம் கல்லை நிறுத்தினால் அடியை மண்ணில் புதைத்துத்தான் நிறுத்துவோம். அப்படியே மணலைக் கொட்டி, நெட்டைக் கற்கள் மூன்றை எல்லைக்கல் மாதிரி நட்டு, சுற்றிலும் விரலால் குத்தி இறுக்கினேன்.

மீன் விரல் நீளம், மஞ்சள் தலை. மலைப்பாதை வளைவெல்லாம் பையோடு மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மீன் தெம்பாக இருந்தது, வாந்தியெடுத்தது நான். தண்ணீரில் விட்டதும் அது கல்லுக்கடியில் போய்ப் பதுங்கியதுதான். வெளியே வரவுமில்லை, எதையும் தின்னவுமில்லை.

பாலசமுத்திரத்திலிருந்து மனைவியின் அண்ணன் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, தொட்டியைக் காட்டப் பெருமையாகக் கூட்டிப்போனேன்.

“தண்ணியில உப்பப் போட்டுட்டுக் கடலுங்கிற. அப்ப எங்க வீட்டு ரசமும் கடல்தான் மாப்ள” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓரத்தூண் சாய்ந்தது. அது பக்கத்துத் தூணைத் தள்ள, மூன்றும் மடமடவென்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மணல் கிளம்பித் தொட்டி முழுக்க வெள்ளையாகிவிட்டது.

“மீனு! மீனு!” என்று கத்தினேன். வீடு தீப்பிடித்தால்கூட அந்தக் குரல் வந்திருக்காது. டார்ச் எடுக்க ஓடி, குடையோடு திரும்பினேன்.

“உள்ள மழையா மாப்ள?”

குடையை வீசிவிட்டு ஸ்வெட்டரோடு கையை உள்ளே விட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தாள். “தண்ணிக்குள்ள ஹீட்டர் கெடக்குல்ல? மீனோட சேந்து நீங்களும் மெதக்கணுமா?”

மச்சான் தொட்டிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். “அச்சு அசல் தூண்பாறைதான். ஒண்ணுமே தெரியல.”

ஒரு கல்லைத் தூக்கினால் இன்னொன்று சரிந்தது. அடியில் மீன் நசுங்கிக் கிடப்பதை என் விரல் தொட்டுவிடுமோ என்று விரலே மடங்கிக்கொண்டது. சொந்தக்காரர் சாவில் ஓரமாய் நின்று போன் பார்க்கிற பிறவி நான். விரல் நீள மீனுக்குத் தோள்வரை நனைந்து நிற்கிறேன்! தூ. கல்லை நட்டுவைத்த மகராசனே நீதானே?

“கைய எடுங்க. கலங்குனது தெளியட்டும்” என்றாள்.

தெளிந்தது. ரோடு போட லாரி கொட்டிவிட்டுப்போன ஜல்லிக் குவியல் மாதிரி கிடந்தது என் கலை. அதற்கு நடுவே, இரண்டு கல் சாய்ந்து முட்டிய சந்தில், ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. வாய் நிறைய மணல். துப்பியது. மறுபடி உள்ளே போய் அள்ளிவந்து துப்பியது. என் தூணின் அடியை நோண்டித் தள்ளிய திருட்டு நாய், இடிபாட்டுக்குள் குடித்தனம் வைக்கிறது.

ஒரு கல்லையாவது நிமிர்த்திவைக்கலாமே என்று கை மறுபடி போனது. மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “தொட்டீங்க, பாருங்க!”

அடுப்படிக்குப் போய், கழுவிவைத்திருந்த இறாலில் நுனி கிள்ளி வந்து போட்டேன். அது விறுக்கென்று வெளியே வந்து கவ்விக்கொண்டு சந்துக்குள் போனது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் கையிலிருந்து தண்ணீர் மச்சானின் காலில் சொட்டியது.

“அது சாப்புட்டுருச்சு” என்றார். “நமக்கு எப்ப மாப்ள?”