மட்டை கழித்த பனைகள்

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, எட்டரைக்கு ஊர்காவற்றுறை இறங்குதுறையை அடைந்தேன். அனலைதீவுப் படகில் பதினெட்டுப் பேர், ஆறு அரிசி மூட்டை, ஒரு கதிரை. உயிர்காப்பு அங்கிகள் பதினொன்றுதான். படகோட்டியிடம் சொன்னேன்.

"மாஸ்ரர், முதல் உங்களுக்குப் போட்டு விடுறன். மிச்சப் பேர் நீந்துவினம். இந்த முறையும் காணி பாக்கவோ?"

"பனையில இருக்கிற செடியளை எண்ண."

"அப்ப காகத்தையும் சேர்த்து எண்ணுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கியின் வாரை இறுக்கிக் கட்டினேன்.

மழைக்காட்டில் ஒரே மரத்தின்மேல் செடிகள் தட்டுத்தட்டாகக் குடியிருக்கும்: ஈரமான அடியில் பாசி, கிளைக் கவட்டில் பன்னம் எனும் பெரணி, வெயில் படும் உயரத்தில் ஓர்கிட். உப்புக்காற்று வீசும் தீவில் அப்படியொன்றை யாரும் தேடுவதில்லை. நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த எங்கள் காணியில், போன மாசியில் கண்டேன். வெட்டாத மட்டைகளின் இடுக்கில் தூசியும் பறவை எச்சமும் மண்ணாகியிருந்தன. ஏழு பனை, பாசியை விட்டால் நாற்பத்தொரு செடி. ஏழிலும் ஒரே வரிசை: கீழே பாசி, நடுவில் ஓர்கிட், மேலே ஆலங்கன்று. தற்செயலா, ஒழுங்கா? இன்னொரு மாரிக்குப் பின் புதிதாக முளைத்தவற்றைப் பார்த்தால்தான் தெரியும். அந்த மாரி இப்போது கழிந்திருந்தது. எழுபத்தாறு வயதில் எனக்கு மிஞ்சியிருந்த கேள்வி அது ஒன்றே.

பத்து மணி. காணியைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் படலையில் நின்றார்.

"மாஸ்ரர் வாறார் எண்டு நாலு நாளா நிண்டு துப்புரவாக்கினனான். பாருங்கோ, என்ன வடிவு!"

ஏழு பனையும் வழித்த தலைபோல நின்றன. சொந்தக்காரர் வருமுன் காணியைத் துப்புரவாக்கி, பனைக்கு மட்டை கழித்து வைப்பது இங்கே மரியாதை. வருகிறேன் என்று போனில் சொன்ன நான், எதற்கென்று சொல்லவில்லை.

"மட்டையில இருந்த செடியள்?"

"அந்தக் குப்பையோ? எரிச்சுப் போட்டன். கடிக்கிற நுளம்பெல்லோ பெருகும்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் மாஸ்ரர், ஒண்டும் விடேல்லை."

சாம்பலைக் கிளறினேன். கருகிய வேர்த்துண்டு ஒன்று அகப்பட்டது. ஓர்கிட்டா ஆலா என்றுகூடத் தெரியவில்லை. செல்வத்தின் மனைவி தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

இரண்டு மணிப் படகு. "அடுத்த முறையும் முதலே சொல்லுங்கோ!" என்று கரையிலிருந்து செல்வம் கத்தினார்.

கரையோரக் காணிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வழித்த பனைகள் நின்றவற்றுக்கு யாரோ வந்துபோகிறார்கள். மூன்று காணிகளில் மட்டும் பனைகள் மட்டை அடர்ந்து நின்றன. போரில் ஊரைவிட்டுப் போன அவற்றின் சொந்தக்காரர்கள் இனி வரமாட்டார்கள். மட்டைச் செடிகளுக்காக அவர்கள் வராமலே இருக்கட்டும் என்று மனம் வேண்டியது. பிறகு, எப்படிப்பட்ட வேண்டுதல் அது என்று எண்ணி, கண்ணை மூடிக்கொண்டேன்.