மலைமேல் டைல்ஸ் வெட்டிய கோடை

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு நாளாக டைல்ஸ் வேலை நடக்கிறது. நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். அந்த மெஷினின் கத்தல் அப்படி. தட்டு, தலையணை, மூடி வைத்த பால் சட்டி, எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. நேற்றுக் காலை வேலைக்கு வந்தவர் கண்ணில் ஒன்றும் போடாமல் குனிந்து வெட்டத் தொடங்கினார். நான் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து நீட்டினேன்.

"இத்தினி வருசமா வெட்றேன், ஒண்ணும் ஆவலம்மா," என்று சிரித்தார்.

"எனக்கு ஒரே நாள்ல ஆயிடுச்சுப்பா. போட்டுக்க," என்றேன்.

பள்ளிக்கூடத்து டீச்சருக்கும் டைல்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் போட்டுக்கொண்டார். மெஷின் மறுபடி அலறியது. சுட்ட மண்ணும் ஈரமும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. அவ்வளவுதான், நான் சமையலறையில் இல்லை. இருபத்தாறு வயதில், கல்வராயன் மலையில், ஒரு கழிப்பறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. நெல்லும் கரும்புமாகத் தட்டையாகக் கிடக்கும் பூமி. நான் அதுவரை ஏறியிருந்த உயரமான இடம் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான். முதல் வேலை மலைமேல் என்று உத்தரவு வந்தபோது வீட்டில் அழுதார்கள். நான் தைரியசாலி மாதிரி காட்டிக்கொண்டேன். அந்தத் தைரியம் கச்சிராயபாளையம் தாண்டி மூன்றாவது வளைவு வரை நின்றது. பிறகு ஜீப்பை நிறுத்தச் சொல்லி, சாலை ஓரத்தில் வயிற்றைக் காலி செய்துவிட்டுத்தான் மேலே போனேன்.

நல்ல பள்ளிக்கூடம். ஐந்து அறைகள், ஒரு பலாமரம், எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள். ஆனால் ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண்பிள்ளைகள் மதியத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள். "வயித்து வலி டீச்சர்" என்று ஒருத்தி போவாள். அவளுக்குத் துணையாக இன்னொருத்தி. கொஞ்ச நாளில் காலையிலும் வரமாட்டார்கள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். காரணம் எனக்கும் தெரியும். நானே மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

கழிப்பறை இல்லாமல் இல்லை. சுவர், கூரை, பீங்கான் கோப்பை, தகரக் கதவு எல்லாம் வைத்து, தரையை மட்டும் கரடுமுரடாகப் பூசிவிட்டுக் கட்டியவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஊற்றுகிற தண்ணீர் தரைப் பள்ளங்களில் தேங்கும், பாசி பிடிக்கும், நாறும். கடைசியில் அது விறகு அடுக்கும் இடமாகிவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் சாவியை என் கையில் கொடுத்து, "நீங்கதான் இதப் பத்தியே பேசிக்கினு இருக்கீங்க. எதுனா பண்ண முடிஞ்சா பண்ணுங்க டீச்சர்," என்றார். கிண்டலா நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் என் சித்தப்பா திருக்கோவிலூரில் வீடு கட்டி முடித்திருந்தார். பச்சை நிறத்தில், ஓரடிக்கு ஓரடி, ஆறு பெட்டி டைல்ஸ் மிச்சம். கெஞ்சிக் கேட்டு வாங்கி, கரும்பு லாரி, பஸ், ஜீப் என்று மாற்றி மாற்றி மேலே கொண்டுசேர்த்தேன். ஒரு டைல்ஸ்காரரையும் கையோடு கூட்டிப் போனேன். அவர் எல்லா வளைவிலும் வாந்தி எடுத்தார். போய் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, கரண்ட் எங்கே என்பது. நான் பல்பைக் காட்டினேன். அது மினுங்கிவிட்டு அணைந்தது.

"இதுல மெசினு எப்டி ஓடும்? இன்னா டீச்சர், ஆள வெச்சி வெளாட்றீங்களா?" என்றவர், அதே ஜீப் திரும்புவதற்குள் முன் சீட்டில் இடம் பிடித்துவிட்டார்.

பள்ளி திறக்கப் பத்து நாள். ஆறு பெட்டி டைல்ஸ். நான். அப்புறம், பொன்னி.

பொன்னி எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையல்காரி. அந்த ஊர்க்காரி, என் வயதுதான். டைல்ஸ்காரர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "மெசினு இல்லாம வெட்ட ஒண்ணுமே கெடையாதா டீச்சரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் மறுநாள் என்னைக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய்க்கு முப்பது வயது இருக்கும். டைல்ஸ் வெட்டக் கைமெஷின் வேண்டும் என்றதும், "ஊட்டுக்காரர் வரலீங்களா?" என்றார்.

"வெட்டப்போறது நான்தாங்க."

ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு மெஷின்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்தச் சாமானைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு இரும்புப் பலகை, அதன்மேல் தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகள், அந்தக் கம்பியில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு கைப்பிடி. கைப்பிடிக்கு அடியில் கால் ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு சக்கரம். அந்தச் சக்கரம்தான் டைல்ஸின் பளபளப்பில் கோடு கிழிக்கும். கிழித்த பிறகு கைப்பிடியை அழுத்தினால் கோட்டோடு டைல்ஸ் இரண்டாகப் பிளக்கும். கரண்ட் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தூசியும் இல்லை.

ஒன்று சிவப்புப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. பாய் அதன் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது.

"பாத்தீங்களா? இங்க இவ்ளோ ஆடினா, கோடு அங்க எவ்ளோ கோணும்? இத எடுங்க." இரண்டாவது, நிறமே இல்லாத கனத்த இரும்பு. ஆட்டினால் அசையவில்லை. "கம்பி தடி ஜாஸ்தி. சக்கரம் கையால சுத்துனா நிக்காம சுத்தணும். உங்க டைலு ஓரடி, இது ரெண்டடி வரைக்கும் புடிக்கும். ஒடஞ்ச டைலு தரேன், வெட்டிப் பாத்துட்டு வாங்குங்க."

மூன்று டைல்ஸ் வெட்டினேன். மூன்றும் மூன்று நாட்டு வரைபடங்களாக உடைந்தன. கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பயந்து பயந்து தள்றீங்க டீச்சரம்மா. ஒரே அழுத்தமா, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் நிக்காம போங்க," என்றார். நான்காவது ஏதோ தவறிப்போய் நேராக உடைந்தது. தெரிந்து செய்தவள் போல நிமிர்ந்து பார்த்தேன். பொட்டலம் கட்டும்போது அவரே ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியையும், உபரியாக ஒரு சக்கரத்தையும், ஓரம் தேய்க்க ஒரு கல்லையும் வைத்தார். "கண்ணாடி போடாம வெட்டாதீங்க. சில்லு எங்க பறக்கும்னு அதுக்கே தெரியாது," என்றார்.

இதைக் கேட்டு நடந்திருந்தால் சொல்ல இவ்வளவு கதை இருந்திருக்காது.

பள்ளியில் மாட்டிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் ஒரு பெரிய வெட்டுக்கிளி தெரிந்தது. வேடிக்கை பார்க்க ஊரே வந்து நிற்கும்போது எப்படி வெட்டுக்கிளியாக இருப்பது? கழற்றி ஆணியில் மாட்டினேன். பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் தரையைச் சரிவு பார்த்துப் பூசிக் கொடுத்திருந்தார். முழு டைல்ஸை அவரும் பொன்னியுமாகப் பதித்துவிட்டார்கள். சுவர் ஓரத்துக்கும் பீங்கானைச் சுற்றியும் வெட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. மிச்சம் இருந்தது ஒன்றரைப் பெட்டி. உடைத்தால் வேறு கிடையாது. சித்தப்பா வீட்டுத் தரையைப் பெயர்த்தால்தான் உண்டு.

அந்தப் பயத்தில், கோடு சரியாக விழவில்லையோ என்று ஒவ்வொரு டைல்ஸிலும் சக்கரத்தை நாலைந்து தரம் ஓட்டினேன். ஐந்தாவது டைல்ஸில் கோடு இரண்டாகப் பிளந்தது. அது தெரியாமல், குனிந்து, முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினேன். டப் என்று ஒரு சத்தம். வலது கண்ணுக்குக் கீழே நெருப்பு பட்டமாதிரி இருந்தது. கையை வைத்தால் ஈரம்.

பொன்னி சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கண்ணைத் திறக்கச் சொன்னாள். எனக்குத் திறக்கப் பயம். திறந்து ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது? அவளே என் இமையை விலக்கினாள். பலாமரம் தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், சில்லை எடுத்துவிட்டு, விரலால் அளந்து காட்டினார். "இம்மாந்தூரம் மேல போயிருந்தா கண்ணு போயிருக்கும். படிச்சவங்கதானே நீங்க?"

திரும்பி வந்ததும் பொன்னி ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இறுக்கிச் செருகினாள். கீழே கிடந்த சில்லுகளைக் கையால் தொடாமல் தென்னந்துடைப்பத்தால் ஒதுக்கினாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்க பென்சிலால கோடு போட்டுக் குடுங்க, போதும். வெட்றத நான் பாத்துக்கறேன்."

"ஒனக்கு வருமா பொன்னி?"

"காலைலேர்ந்து பாத்துக்கினுதான இருக்கேன். நீங்க பாடம் நடத்தற மாதிரியே வெட்றீங்க டீச்சரு. ஒரே விசயத்த பத்து தரம் சொல்றீங்க. டைலுக்கு ஒரு தரம் சொன்னா போதும்."

சர்ர் என்று ஒரே இழுப்பு. முகத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு அழுத்து. டைல்ஸ் கத்தியால் வெட்டிய மைசூர்பாகு மாதிரி நேராகப் பிரிந்தது. வெட்டின ஓரத்தைக் கல்லில் இரண்டு தேய் தேய்த்து என்னிடம் நீட்டினாள். பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலைக்குள் சுவரோரம் முழுவதும் முடிந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

பீங்கானைச் சுற்றி வளைவாக வெட்ட இந்த மெஷினால் முடியாது, அதற்கு நேர்கோடு மட்டும்தான் தெரியும். நான் பாழாக்கிய துண்டுகளை எல்லாம் பொறுக்கி, குறடால் சின்னச் சின்னதாக ஒடித்து, பொன்னி வட்டமாகப் பதித்தாள். என் தப்புகள் அத்தனையும் ஒரு பச்சைப் பூவாக மலர்ந்து கிடந்தன. பார்த்தவர்கள் அதைத்தான் முதலில் மெச்சினார்கள்.

தரை தயாரானதும், படிப்பை நிறுத்தியிருந்த செண்பகம் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் டைல்ஸைப் பற்றிச் சொன்னேன், நிறம், சரிவு, தண்ணீர் ஓடும் அழகு எல்லாம். என் கண்ணுக்குக் கீழே இருந்த பிளாஸ்திரியையும் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு,

"உள்ள தாப்பா இருக்குதா?" என்றார்.

கதவுக்கு வெளியே பூட்டுத்தான் இருந்தது. விறகு திருடு போகாமல் இருக்க. உள்ளே ஒன்றுமே இல்லை. இத்தனை நாளாக அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்கூடக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தரை மண்ணா இருந்தாக்கூட பரவால்ல டீச்சரு. தாப்பா இல்லாம பொட்டப்புள்ள எப்டி போவும்?"

அன்றே தலைமையாசிரியர் தன் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார். அவர் வீட்டில் பிறகு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளி திறந்த அன்று செண்பகத்தின் அம்மாவே அவளோடு வந்தார். உள்ளே போனார், தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். வெளியே வந்து மகளின் தோளைத் தொட்டு, "போ, போய் உக்காரு," என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் எட்டாம் வகுப்பில் மதியத்துக்கு மேலும் பதினொரு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுபடி தண்ணீர் குடிக்கத் தொடங்கினேன்.

போன மாதம், பல வருடம் கழித்து அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். சாலை அகலமாகிவிட்டது, வாந்தி வரவில்லை. பொன்னி மகள் வீட்டோடு சின்னசேலம் பக்கம் போய்விட்டாளாம். பலாமரம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். எங்கள் கழிப்பறையைப் பச்சைப் பூவோடு இடித்துத் தள்ளி, அங்கே கைகழுவும் குழாய்கள் வரிசையாக வைத்திருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நானே எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை கழுவ வந்தாள். "இங்க முன்னாடி ஒரே ஒரு பாத்ரூமுதான் இருந்துச்சும்மா. அதுவும் இல்லாதப்ப உன் வயசுப் பொண்ணுங்க மதியமே வூட்டுக்குப் போயிடுவாங்க," என்றேன்.

அவள் குழாயை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"பாத்ரூமு இல்லாம ஸ்கூலா? சும்மா சொல்லாதீங்க மிஸ்," என்று சிரித்துவிட்டு, ஈரக் கையை உதறிக்கொண்டே வகுப்புக்கு ஓடிப்போனாள்.